புதுநடை

2023

ஜூன் 5

உரக்கடையில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. ஐந்து மாதமாகக் காலியாகவே கிடந்தது. இன்று ஒரு பதிவு எண்ணை எழுதி வைக்க இடம் தேடியபோது கையில் அகப்பட்டது. இ-சேவை மையத்துக்காரர் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். துண்டுச் சீட்டு எங்கள் வீட்டில் இரண்டு நாள்கூடத் தங்காது. அட்டையின் உள்பக்கம் பெரிதாக எழுதிவிட்டேன்.

நானும் மங்கையும் ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க விண்ணப்பித்திருக்கிறோம். எனக்கு நாற்பத்தொன்பது, அவளுக்கு நாற்பத்து மூன்று. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் வயதையும் கூட்டித்தான் எந்த வயதுப் பிள்ளை கொடுக்கலாம் என்று முடிவு செய்கிறார்களாம். எங்கள் கூட்டல் தொண்ணூற்றிரண்டு. அதற்குக் கைக்குழந்தை கிடையாது, நாலு வயதுக்கு மேல்தான்.

"நடக்குற புள்ளையா வந்தா இடுப்பு வலி மிச்சம்" என்றாள் மங்கை. மையத்துக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பெண் பிள்ளை என்று போடச் சொன்னாள். எனக்கு எதுவானாலும் சரி. இது அவள் ஆசை.

ஜூன் 9

பட்டுக்கோட்டை போய் மருத்துவச் சான்று வாங்கினோம். எனக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல். மற்றபடி இருவரும் பிள்ளை வளர்க்கத் தகுதி உள்ளவர்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். முன்பு குழந்தைக்காக வைத்தியம் பார்த்த சீட்டு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். மங்கை என் முகத்தைப் பார்த்தாள். சீட்டு பீரோவில் இருக்கிறது. இதற்குத் தேவைப்படாது.

திரும்பும்போது பேராவூரணிச் சந்தையில் நெத்திலி வாங்கினோம். விலை அதிகம்.

ஜூன் 19

வீட்டைப் பார்க்க ஓர் அதிகாரி வருவாராம். பிள்ளை வளர ஏற்ற வீடா, கையிருப்பு இருக்கிறதா, புருஷன் பெண்டாட்டி ஒழுங்காகப் பேசிக்கொள்கிறார்களா என்று பார்த்து அறிக்கை எழுதுவார். அறிக்கை சரியாக இருந்தால்தான் வரிசையில் நிற்க முடியும்.

கடைசியாகச் சொன்னதில் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. வீடுதான் பிரச்சினை. கஜா புயலில் பின்கட்டு ஓடுகள் பறந்து போயின. எங்கள் தோப்பின் முப்பத்திரண்டு தென்னையும் சாய்ந்துவிட்டதால் அதைக் கட்ட வழியில்லாமல் போயிற்று. ஐந்து வருஷமாகப் பின்கட்டுக்குத் தார்ப்பாய்தான் கூரை. குளியலறைக்கும் கதவுக்குப் பதில் தார்ப்பாய். தேங்காய் மண்டிக் கணக்குப்பிள்ளையான எனக்கு வரும் சம்பளத்தில் சோறு நடக்கும், செங்கல் நடக்காது.

"விருந்து வச்சிடலாங்க" என்றாள் மங்கை.

மொய் விருந்தைச் சொல்கிறாள். கல்யாணமாகி இந்தப் பத்தொன்பது வருஷமாக அடுத்தவர் பந்தலில் கறிச்சோறு தின்று மொய் வைத்திருக்கிறோம். ஒருமுறைகூட நாங்கள் பந்தல் போட்டதில்லை. போட்டால் வைத்ததெல்லாம் திரும்பி வரவேண்டும். இங்கே அதுதான் சட்டம். ஆடி ஆவணி இரண்டு மாதமும் ஊர் ஊராக உட்கார்ந்து மொய் எழுதுகிறவன் நான். கையெழுத்து நன்றாக இருப்பதால் கூப்பிடுகிறார்கள். என் பெயரில் ஒரு வரவு நோட்டுப் போட்டு எழுதியது கிடையாது.

பார்க்கலாம் என்றேன்.

ஜூன் 20

சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 8

பத்திரிகையும் பேனரும் அடிக்கக் கொடுத்தேன். "என்ன விசேஷம்னு போடட்டும்ணே?" என்று அச்சகத்துக்காரர் கேட்டார். வெறுமே மொய் விருந்து என்று போட்டால் போதும். மங்கை விடவில்லை. 'எங்கள் இல்லத்துக்கு வரவிருக்கும் செல்லப் பிள்ளைக்காக' என்று போடச் சொன்னாள். ஊரே பார்க்கும், நாளைக்கு வராமல் போனால் என்ன செய்வது என்று கேட்டேன். "வரலன்னா பேனர மாட்டுக் கொட்டாய்க்குப் போட்டுக்கலாம்" என்றாள். எங்களிடம் மாடு இல்லை.

ஜூலை 23

அண்ணனுக்குப் பத்திரிகை வைக்க இருவரும் போனோம். அண்ணன் வைரக்கண்ணு என்னைவிட எட்டு வயது மூத்தவர், பக்கத்துத் தெரு. அவருடைய மகள் சடங்கு, கல்யாணம், மகன் பிரபுவின் கல்யாணம், புது வீடு என்று எல்லாவற்றுக்கும் வைத்ததில் அறுபத்தெட்டாயிரம் அவரிடமிருந்து வரவேண்டும்.

பத்திரிகையைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"ஏன்டா நீலகண்டா, எங்கயோ பெத்த புள்ளைய கொண்டாந்துதான் நம்ம அப்பன் வீட்ல வெளக்கேத்தணுமா? பிரபு இல்ல? அவன் உனக்குப் புள்ள இல்லியா?"

பிரபு எனக்குப் பிள்ளைதான், யார் இல்லை என்றது. அவனுக்கு முப்பத்தொரு வயது, மீசை இருக்கிறது.

"நான் உனக்கு மொய் செஞ்சு என்ன ஆவப்போவுது? உங்க காலத்துக்கப்புறம் உன் வீடு, மனை எல்லாம் இங்கதானே வரும். எங்கிட்டேருந்து வாங்கி எங்கிட்டயே குடுக்கப்போற" என்றார்.

அண்ணி காபி கொண்டுவந்தார். குடித்துவிட்டு வந்தோம். வழியில் நான் மழை வரும்போல இருக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 13

விருந்து முடிந்தது. கால் வலி. நாளை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 14

ஆறு கிடா. எழுநூறு இலை. கறி கொஞ்சம் வேகாமல் இறக்கிவிட்டார்கள் என்று இரண்டு பேர் சொன்னார்கள். சொன்னவர்கள் இரண்டு முறை வாங்கித் தின்றார்கள்.

என் வீட்டு மொய்யை நானே எழுதினேன். வேறு ஆள் வைத்திருக்கலாம், மனசு வரவில்லை. வரவேண்டியது மூன்று லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம். வந்தது மூன்று லட்சத்து நாற்பத்தோராயிரத்து ஐந்நூறு. அண்ணன் வரவில்லை, அண்ணி மட்டும் பின்பக்கமாக வந்து சாப்பிடாமல் போனதாக மங்கை சொன்னாள்.

வந்தவர்களும் வாங்கியதை வாங்கியபடி வைத்துவிட்டுப் போனார்கள். வழக்கமாக அதற்கு மேல் கொஞ்சம் புதிதாக வைப்பார்கள். அதைப் புதுநடை என்போம். அந்தக் கூடுதலை நாம் அவர்கள் வீட்டு விருந்தில் திருப்ப வேண்டும். அப்படித்தான் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து அறுந்து போகாமல் இருக்கும். வந்த பணத்தில் புதுநடை நாற்பத்தாறாயிரம்தான். வேறு பந்தலாக இருந்தால் ஒன்றரை லட்சம் விழுந்திருக்கும். பிள்ளை இல்லாத வீட்டில் புதிதாகப் பணம் வைக்க யாருக்கும் யோசனையாகத்தான் இருக்கும். எங்களுக்குப் பிறகு யார் திருப்பிச் செய்வது? அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. என்னிடம் யாராவது யோசனை கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மேசைக்குப் பக்கத்தில் நின்று ஒருத்தி மங்கையிடம், "நீ ஒண்ணப் பெத்துக் குடுத்துருந்தா அவருக்கு இந்த அலைச்சல் இல்ல பாரு" என்றாள். வெற்றிலை போட்டுக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னாள். மங்கை தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் அடுத்த பெயரை எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 16

அதிகாரி இன்றைக்கே வந்துவிட்டார். அடுத்த வாரம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். பெயர் ஜெசிந்தா, தூத்துக்குடிக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். பந்தல் பாதி பிரித்தபடி கிடந்தது. பேனர் அப்படியே இருந்தது. எச்சில் இலைக் குழியில் நாய்கள்.

அவர் வீட்டுக்குள் வரவில்லை. பேனருக்கு முன்னால் நின்றுவிட்டார். அதன் கீழ் ஓரத்தில் வட்டத்துக்குள் ஒரு குழந்தைப் படம். மற்ற பேனர்களில் வீட்டுப் பிள்ளைகள் படம் வரும் இடம் அது. எங்களிடம் படம் இல்லாததால் அச்சகத்துக்காரர் எங்கிருந்தோ எடுத்து ஒன்றைப் போட்டிருந்தார். வெள்ளைக்காரக் குழந்தை, நீலக் கண்.

"இந்தக் குழந்தை யாரு சார்?"

"தெரியாதுங்க மேடம்."

"தெரியாதா?"

"அச்சகத்துல போட்டது."

மறுபடியும் பேனரைப் படித்தார். "குழந்தைக்காகன்னு ஊர்ல பணம் வசூல் பண்ணியிருக்கீங்க. காசு குடுத்து குழந்தை வாங்குற விஷயம் இல்ல சார் இது. இதைப் பார்த்தா எனக்கு அறிக்கை எழுதவே பயமா இருக்கு" என்றார்.

எனக்கும் பயமாக இருந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

மொய் என்றால் என்ன என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். தூத்துக்குடிப் பக்கம் இப்படி இல்லையாம். கடைசியில் படிவத்தைப் பார்த்து, "இதை நான் வருமானம்னு எழுதணுமா, கடன்னு எழுதணுமா?" என்று கேட்டார்.

"கடன்தாங்க மேடம்" என்றேன்.

"எவ்வளவு?"

"முழுசும்."

இருபத்திரண்டு வருஷமாக மொய் எழுதுகிறேன். நோட்டில் ஏறியது எல்லாம் திருப்பிச் செய்ய வேண்டியது. அதை வருமானம் என்று வாய் கூசாமல் சொல்ல எனக்கு வரவில்லை. மூன்றரை லட்சம் கடன், தார்ப்பாய் கூரை, ஊரறிய வசூல். ஜெசிந்தா மேடம் பேனாவை மூடி வைத்தார். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மங்கை உள்ளே போய் தகரப் பெட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டே வந்தாள். பத்தொன்பது வருஷத்து நோட்டுகள். அத்தனையையும் அதிகாரி மடியில் வைக்காத குறை.

"இவர் பேச்ச விடுங்க மேடம். இவர் மொய் எழுதத்தான் லாயக்கு. இது நாங்க ஊருக்கு வச்சது. ஒவ்வொரு வருஷமும், ஒவ்வொரு வீட்டுக்கும். அதுதான் இப்ப திரும்பி வந்துருக்கு. எங்க காசு. கடன் நாப்பத்தாறாயிரம்தான்."

மேடம் ஒரு நோட்டைப் புரட்டினார். "பத்தொன்பது வருஷமா குடுத்துட்டே இருந்தீங்களா? நடுவுல ஏன் ஒரு விருந்துகூட வைக்கல?"

"காதுகுத்துக்குன்னு வச்சிருந்தாரு" என்றாள் மங்கை. "மொதப் புள்ளைக்குக் காது குத்துறப்ப ஒரே பந்தல்ல எல்லாத்தையும் வாங்கணும்னு. அதுக்கு முன்னாடி பந்தலே போடக் கூடாதுன்னு."

கல்யாணமான புதிதில் ஏதோ பேச்சுக்குச் சொன்னது. இவள் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறாள்.

அப்புறம் எங்களைத் தனித்தனியாக விசாரித்தார். என்னைப் பந்தல் காலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார். தினமும் என்ன சாப்பாடு, குடி உண்டா, கோபம் வந்தால் என்ன செய்வீர்கள். குழந்தை இல்லாததற்கு மருத்துவக் காரணம் உண்டா என்றும் கேட்டார். எங்கிட்டதான் குறை என்று சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பந்தல் பிரிக்கிற ஆட்கள் நாலு பேர் கயிறு அவிழ்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நாளைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும்.

நான் கண்ணைத் துடைத்ததாக மங்கை சொல்கிறாள். பந்தல் தூசி.

சாப்பாட்டில் என் தட்டில் இரண்டு முட்டை இருந்தது. ஏன் என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 21

ஜெசிந்தா மேடம் போன் செய்தார். பின்கட்டைக் கட்டி முடித்துப் படம் அனுப்ப வேண்டும், அப்புறம் அறிக்கை ஏறும். பேனரைப் பற்றி அறிக்கையில் எழுதவில்லை என்றார். அதன் படத்தைத் தன் போனில் வைத்திருப்பதாகவும் சொன்னார். எதற்கு என்று தெரியவில்லை.

நவம்பர் 30

பின்கட்டு முடிந்தது. காங்கிரீட் கூரை, குளியலறைக்குக் கதவு, உள்ளே தாழ்ப்பாள். தாழ்ப்பாளைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வைக்கச் சொன்னேன். உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டால் யார் கதவை உடைப்பது? கொத்தனார், "எந்தப் புள்ளைங்க?" என்று கேட்டார்.

2024

ஜனவரி 17

அறிக்கை ஏறிவிட்டது. வரிசையில் எங்கள் இடம் ஆயிரத்துச் சொச்சம். உரக்கடையில் இந்த வருஷமும் டைரி கொடுத்தார்கள். பதிவு எண்ணை மறுபடி அட்டையில் எழுதினேன்.

மார்ச் 3

ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 14

புது வருஷம். மங்கை நாலு வயது அளவில் ஒரு கவுன் எடுத்தாள். மஞ்சள் நிறம். வெயிலுக்கு நல்லது என்றாள்.

மே 29

மண்டிக்குப் பக்கத்துக் கடையில் புத்தகப் பை பாதி விலைக்குத் தள்ளினார்கள். வாங்கி வைத்தேன். காய்கறி வாங்க ஆகும். முன்பக்கம் முயல் படம் போட்டிருக்கிறது, அதனால் என்ன.

ஆகஸ்ட் 25

இந்த ஆடி ஆவணியில் பதினொரு விருந்து. போன வருஷம் எங்களுக்குப் புதுநடை வைத்தவர்களில் ஏழு பேர் பந்தல் போட்டுவிட்டார்கள். திருப்பியாயிற்று. பழக்கம் விட்டுப் போகக் கூடாது என்று மேலும் கொஞ்சம் வைத்தோம். பின்கட்டுச் செலவு போகப் பிள்ளைக்கு என்று பாங்கில் போட்டதிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. இப்படியே இரண்டு வருஷம் போனால் பிள்ளை வருவதற்குள் பிள்ளைப் பணம் தீர்ந்துவிடும். மங்கையிடம் சொல்லவில்லை. பாஸ்புத்தகம் அவளிடம்தான் இருக்கிறது, அவளும் சொல்லவில்லை.

அண்ணன் என்னைப் பார்த்தால் சைக்கிளைத் திருப்பிக்கொள்கிறார். அவருக்கு அறுபதை நெருங்குகிறது, அவ்வளவு வேகமாகத் திருப்பக் கூடாது.

நவம்பர் 8

மஞ்சள் கவுனை எதிர்வீட்டுப் பேத்திக்குக் கொடுத்துவிட்டாள் மங்கை. அஞ்சு வயது அளவில் வேறு எடுத்திருக்கிறாள். "அது எங்கயோ வளந்துருக்கும்ல" என்றாள்.

டிசம்பர் 31

ஒன்றும் இல்லை. மழை நல்ல மழை.

2025

பிப்ரவரி 10

இன்று ஒரு கல்யாணத்தில் மொய் எழுதிக்கொண்டிருந்தேன். பதினொன்றே கால் மணிக்கு மங்கை போன். "ஏங்க, புள்ள படம் வந்துருக்கு" என்றாள்.

ஐந்து வயது நாலு மாதம். பெயர் ரோகிணி. சேலம் தாண்டி ஒரு இல்லத்தில் இருக்கிறாள். இடது கண் கொஞ்சம் உள்ளே பார்க்கிறது, கண்ணாடி போட்டால் சரியாகும் என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு நாளுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். ஆற அமர யோசித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். பதினொன்று நாற்பதுக்குச் சொல்லியாயிற்று.

அவசரத்தில் மூன்று பேர் பெயரை எழுதாமல் எழுந்து வந்துவிட்டேன். இருபத்து நாலு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. நாளை கல்யாண வீட்டில் விசாரித்து எழுத வேண்டும்.

மார்ச் 1

பார்த்தோம். காது குத்தியிருக்கிறது.

மார்ச் 2

நேற்று பஸ்ஸில் எழுதியது. இப்போது கொஞ்சம் விவரமாக எழுதலாம்.

இல்லத்தில் எங்களை ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். பிள்ளையைக் கூட்டி வந்தார்கள். ஒல்லி, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய சடை. மங்கை ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். ரோகிணி வாங்கிக்கொண்டு விதையை ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தாள். குப்பைக்கூடை பக்கத்திலேயே இருந்தது. பதினான்கு விதை.

அவள் தலையைத் திருப்பியபோதுதான் பார்த்தேன். இரண்டு காதிலும் கருத்துப்போன சின்னக் கவரிங் தோடு. மூன்றரை வயதில் இல்லத்துக்கு வரும்போதே போட்டிருந்ததாம். கழற்ற விடமாட்டாளாம்.

யாரோ மடியில் வைத்துக் குத்தியிருக்கிறார்கள். யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அழுதபோது வாயில் சர்க்கரை போட்டிருப்பார்கள். படத்தில் காது முடிக்குள் மறைந்திருந்தது.

எனக்குத் துக்கமாகத்தான் இருந்தது. பிள்ளை கிடைத்த நாளில் எதற்குத் துக்கம் என்றும் இருந்தது. மங்கையிடம் சொல்லவில்லை. திருச்சி தாண்டியபோது அவளாகவே, "காதப் பாத்தீங்கள்ல" என்றாள். பார்த்தேன் என்றேன்.

மார்ச் 15

கூட்டி வந்துவிட்டோம். கலெக்டர் உத்தரவு வரும்வரை வளர்ப்புப் பொறுப்பு என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பஸ்ஸில் இரண்டு முறை வாந்தி. இரண்டும் என் வேட்டியில்.

மார்ச் 19

என்னை "சார்" என்கிறாள். இல்லத்தில் ஆண்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

மார்ச் 27

"சார்" போய்விட்டது. மங்கை கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு இப்போது "ஏங்க" என்கிறாள். "ஏங்க, பசிக்குது." "ஏங்க, மூக்கு ஒழுவுது." தெருவில் எல்லோரும் சிரிக்கிறார்கள். திருத்த வேண்டாம் என்று மங்கையிடம் சொன்னேன். தானாக மாறும்.

ஏப்ரல் 6

மங்கையின் அம்மா ஊரிலிருந்து அரைப் பவுனில் தோடு கொண்டுவந்தார். ரோகிணி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். சோறு ஊட்டும்போதும் கையை எடுக்கவில்லை. "நாலு நாள் வெறுங்காதா விட்டா ஓட்ட தூந்துடும். அப்புறம் கோயில்ல வச்சு முறையா குத்தலாம், பந்தலும் போட்டாப்ல ஆச்சு" என்றார் மாமியார். யோசனை மோசமில்லை. எனக்கும் ஒரு நிமிஷம் ஆசையாக இருந்தது. அதை இங்கே எழுதாமல் விட்டால் பொய்.

ஏப்ரல் 7

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாமியார் முகத்தைத் தூக்கிக்கொண்டு மாலை பஸ்ஸுக்குப் போனார். தோட்டை வைத்துவிட்டுத்தான் போனார்.

மே 11

பேன் பார்த்துக்கொண்டிருந்தாள் மங்கை. நான் வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தேன். ரோகிணி யாரும் கேட்காமலேயே பேசினாள்.

"இது அம்மா குத்துச்சு. வலிக்காதுன்னு சொல்லுச்சு."

மங்கை சீப்பை நிறுத்தாமல், "வலிச்சுதா?" என்றாள்.

"வலிச்சுது."

அப்புறம், "ஏங்க, எனக்குத் தேங்கா" என்றாள். தண்ணீரையும் கொடுத்தேன்.

ஜூன் 10

பள்ளியில் சேர்த்தோம். கண்ணாடி போட்டாயிற்று. முயல் பையைக் காய்கறிக்கு என்று தனியாக வைத்திருந்தேன், எப்படியோ கண்டுபிடித்து எடுத்துவிட்டாள்.

ஜூலை 24

கலெக்டர் உத்தரவு வந்தது. இரண்டு நகல் எடுத்து ஒன்றைத் தகரப் பெட்டியில் வைத்தேன்.

அண்ணன் ஆவணியில் விருந்து வைக்கிறார் என்று மண்டியில் பேச்சு. "கூடப் பொறந்தவனுக்கே திருப்பிச் செய்யல, அவருக்கு எவன் வந்து செய்வான்" என்றும் பேச்சு. நான் கொப்பரை நிறுத்துக்கொண்டிருந்தேன், எனக்கு இதில் கருத்து இல்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. மங்கை சித்திரான்னம் கிளறினாள். ரோகிணிக்குப் புளிச்சோறு பிடிக்கவில்லை, தேங்காய்ச் சோறு மட்டும் மூன்று முறை வாங்கினாள்.

பத்து மணிக்கு அண்ணன் வந்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு இந்த வாசலில் ஏறுகிறார். கையில் மஞ்சள் பை. பின்கட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "தளம் நல்லா போட்டுருக்க" என்றார். உட்கார்ந்தார். ரோகிணி கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நோட்ட எடு. அறுபத்தெட்டு இருக்கு. மேல பத்து புதுநடை" என்றார்.

பழைய நோட்டை எடுக்கப் போனேன்.

"அது எதுக்குடா? உனக்கும் எனக்கும் வயசு ஏறிக்கிட்டு போவுது. உன் பேர்ல எழுதி யார் வந்து செய்றது? புள்ள பேர்ல எழுது. நாளைக்குப் பிரபு புள்ளைக்கு இதுதானே வந்து செய்யணும்."

பிரபுவுக்கு இன்னும் பிள்ளை இல்லை. அண்ணன் முப்பது வருஷம் முன்னாடி யோசிக்கிற ஆள். வீட்டையும் மனையையும் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டார், எனக்குத் தெரியும். பிள்ளை பெயரில் எழுதச் சொன்னதிலேயே அது அடங்கிவிட்டது. மங்கை சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

காதுகுத்து அன்றைக்குத்தான் இங்கே ஒரு பிள்ளை பெயரில் நோட்டுப் போடுவார்கள். ரோகிணிக்கு அது முடிந்து போயிற்று, எங்கேயோ, யார் வீட்டிலோ. ரோகிணியின் பள்ளிக்கூட நோட்டுக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்தேன். அட்டையில் அவள் பெயரை எழுதினேன். தந்தை பெயர், ஊர் எழுதினேன். முதல் பக்கத்தில் மஞ்சள் வைத்தாள் மங்கை.

அண்ணன் பணத்தை நீட்டினார்.

"கொஞ்சம் இருங்கண்ணே. முன்னாடி ஒருத்தவங்க இருக்காங்க."

வாசலைத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

எழுதினேன். ஊர் தெரியாது. பெயர் தெரியாது. ரோகிணியின் அம்மா. தோடு ஒரு ஜோடி. புதுநடை.

அண்ணன் எட்டிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "இத எங்கடா போய், யாருக்குத் திருப்பிச் செய்வ?" என்றார்.

"தெரியலண்ணே. நோட்டுல ஏறிட்டா செய்யணும்ல" என்றேன்.

அவர் பணத்தை மடியில் வைத்துக்கொண்டு, மை காயும்வரை காத்திருந்தார். அவர் பெயரை இரண்டாவதாக எழுதினேன்.